காவற்காடும் கானவரும்

அப்புத்தளையில் நிற்பவனுக்கு ஊவா இரு முகங்களைக் காட்டும். தெற்கே மலை செங்குத்தாகச் சரிந்து வெப்பமான தாழ்நிலத்தில் இறங்குகின்றது. வடக்கே தேயிலை மலைகளும் புற்றரைகளும் பதுளை வரையில் அலையலையாய்த் தொடர்கின்றன. பதுளைக்கும் அப்பால் மலைகள் மெல்ல மெல்லத் தாழ, மகாவலி கங்கை மலைநாட்டை விட்டு வெளிப்பட்டு வடக்கே திரும்புமிடத்திலே, பிந்தனை என்று பழையோர் வழங்கிய காட்டுநிலம் தொடங்குகின்றது. மகியங்கனையும் அதற்குக் கிழக்கேயுள்ள தம்பானையும் அந்நிலத்தின்கண் அமைந்தவை. லிப்ரன் 1890ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிற்சாலை நிறுவிய தம்பத்தன்னையை அறியாதார் அப்புத்தளையில் இலர். பெயரளவில் அதனோடு மயங்கத்தக்க தம்பானையை அறிந்தாரோ மிகச் சிலர். இரண்டும் ஒரே பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று காட்டை வெட்டித் தோட்டமாக்கிய வரலாற்றின் சின்னம். மற்றையது காட்டை வெட்டாது அதனுள்ளே வாழ்ந்த வேடர் குடியின் எஞ்சிய உறைவிடம்.

அவ்வேடர் வாழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று மாதுறு ஓயா தேசிய பூங்கா எனப்படுகின்றது. காட்டையும் விலங்கையும் காத்தல் வேண்டும் என்பதிலே கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அங்ஙனம் காக்கப்படும் காட்டிலே பரம்பரையாக வாழ்ந்தவரின் நிலை யாது? அவர் காப்போரோடு ஒருங்கிருந்து அக்காட்டைப் பரிபாலிக்கத்தக்கவரா, அன்றிக் காப்போருக்கு அஞ்சி ஒளிந்து நுழையவேண்டியவரா? இவ்வினாவுக்கு உலகின் வடகோடியிலே பனிநிலத்து மக்கள் பெற்ற விடை ஒன்று. ஊவாவின் வேடர் பெற்ற விடை வேறொன்று. அவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் பொருளாகும்.

வேடர் என்ற பெயர் தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நில மாக்களைக் கானவர் என்றும் குறவர் என்றும் வேட்டுவர் என்றும் பண்டை நூல்கள் கூறும். கண்ணப்பர் வரலாறு சைவ உலகம் முழுவதும் அறிந்தது. வள்ளியம்மை வேடர் தலைவன் வளர்த்த மகள் என்னும் ஐதிகம், ஊவா மாகாணத்துள்ளேயே இருக்கும் கதிர்காமத்திலே இன்றும் உயிரோடு நிலவுகின்றது. ஆயினும் புராணத்து வேடனை வணங்கும் கைகளே கண்முன் நிற்கும் வேடனைக் காட்டுமிராண்டி எனச் சுட்டியும் வந்துள்ளன. இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. சிங்களரிடத்தும் ஐரோப்பியரிடத்தும் இக்குறை காணப்பட்டது. இலங்கை வேடர் தம்மை வேடர் என்று கூறிக்கொள்வதிலர். வன்னியலெத்தோ, அதாவது காட்டில் வாழ்வோர், என்பதே அவர் தமக்கு வழங்கும் பெயர். வரிகே எனப்படும் குலங்களாக அவர் பகுக்கப்பட்டுள்ளனர். ஊறு, மொறான, உனாப்பான, நாமதேவ முதலியன அக்குலங்களுட் சில.

வேடருடைய காடு யாருக்கும் உரிமையற்ற வெறுங்காடு என்னும் எண்ணமே பிற்காலத்து இன்னல்கள் அனைத்துக்கும் வித்தாயிற்று. ஆகையால் அவ்வெண்ணம் உண்மைதானா என்பதை முதற்கண் ஆராய்தல் தகும். கண்டியரசிலே ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றி எழுதியுள்ளார். அவர்கள் தம்முள்ளே காட்டுக்கு எல்லை வகுத்திருந்தனர் என்றும், ஒரு கூட்டத்தார் தம் எல்லைக்கு அப்பால் வேட்டையாடுதலோ தேனும் கனியும் எடுத்தலோ முறையன்று என்றும் அவர் குறிப்பிடுகின்றார். எல்லையருகே நின்ற ஒரு பலாமரத்தின் பழத்தை ஒருவன் பறிக்க, மறுபுறத்தான் அது தங்கள் மரமென்று தடுக்க, சொல் முற்றி அம்பாகி, இரு திறத்தாரும் திரண்டு பொருது இருபது முப்பது பேர் மடிந்தனர் என்றும் ஒரு செய்தி கூறுகின்றார். ஒரு பலாமரத்துக்கு இத்துணை உயிரா என்று வியத்தல் இயல்பே. ஆனால் வரலாற்று மாணவனுக்கு இச்செய்தி வேறொன்றை உணர்த்தும். உரிமை இல்லாத இடத்திலே உரிமைப்போர் நிகழாது. எழுத்தும் உறுதியும் இல்லாதிருந்தும், எந்த மரம் எவருடையது என்று இரு திறத்தாரும் அறிந்திருந்தனர்.

நொக்ஸ் கூறும் மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. அம்பு வேண்டிய வேடன் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தனக்கு வேண்டிய அம்பின் வடிவத்தை இலையிலே வெட்டி வைத்துச் செல்வான். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால், பின்னரும் இறைச்சி கொணர்ந்து நன்றி காட்டுவான். முகம் பாராத இவ்வொப்பந்தம் இரு தரப்பாரும் வாக்குத் தவறாமையினாலேயே நடைபெற்றது. நாகரிகமற்றவர் எனப்பட்டவரிடத்து ஒப்பந்தம் பேணும் ஒழுக்கம் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நொக்சுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டபின், 1907–08 காலத்தில் செலிக்மன் என்னும் மானிடவியல் அறிஞர் தம் மனைவியாரோடு ஊவாக் காடுகளில் அலைந்து ஆராய்ந்து, 1911இல் வேடர் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அவரும் இதனையே கண்டார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேட்டைநிலமும் தேன்பாறையும் வரையறுக்கப்பட்டிருந்தன. அவை பிள்ளைக்கும் மருகனுக்கும் வழிவழி வந்தன. குடும்பத்துப் பெரியோர் இசைவின்றி நிலத்தைப் பிறர்க்குக் கொடுத்தல் வழக்கமன்று. எல்லை மரங்களிலே வில் வளைத்து நிற்கும் மனிதனின் உருவத்தைக் கொத்தி வைத்தல் எல்லைக்குறியாக இருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். நில அளவையாளன் நாட்டும் கல்லுக்கும் இவ்வுருவத்துக்கும் தொழிலளவில் வேறுபாடு யாதுமில்லை.

இத்தகைய உரிமை சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகவில்லை. 1817–18ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசையிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கியபோது இம்மாகாணத்தின் வயல்களும் குளங்களும் பாழாயின. இருபது ஆண்டு கழித்து வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும் தரிசும் பயன்படுத்தப்படாத நிலமும், மாறானது நிறுவப்படும் வரையில், முடிக்குரிய காணியாகக் கொள்ளப்படும் என்று அது விதித்தது. மாறானதை நிறுவும் பொறுப்பு நிலத்தில் இருந்தவன் மேல் விழுந்தது. உழுத வயலுக்குச் சான்று காட்டலாம். தேன்பாறைக்குச் சான்று காட்டுவது எங்ஙனம்? பலாமரத்தின் பொருட்டு இருபது பேர் மாண்டதை எந்தப் பதிவேடு குறித்திருந்தது?

அதே சட்டமே மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கும் அடிப்படையாயிற்று. முடிக்குரியதாக்கப்பட்ட காடு தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்காக விற்கப்பட்டது. அப்புத்தளை மலைகளிலும் கோப்பி ஏறியது. 1869இல் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. இம்மலைகளைத் திருத்தியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவருக்கும் அந்நிலத்தில் ஓரடி உரிமை கிடைத்ததில்லை. காட்டை இழந்தவனும் காட்டை வெட்டியவனும் ஒரே சட்டத்தின் இரு கரையிலே உரிமையற்றவராய் நின்றனர் என்பது ஊவா வரலாற்றிலே போதிய அளவு பேசப்படாத செய்தியாகும்.

1840ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை வேடனுடைய உடைமை அன்றென ஆக்கியது. ஆயினும் காட்டுக்குள் புகுவதை அது முற்றாகத் தடுத்ததில்லை. அதனைச் செய்தது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் கீழேயே யாலையும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. இரத்தினங்கள் போன்ற அவ்விரு காடுகளையும் இன்றுவரை காத்துத் தந்த அச்சட்டத்துக்கு நாடு கடமைப்பட்டுள்ளது. அதனை மறுத்தல் நன்றி கோறலாகும். ஆனால் அச்சட்டம் மனிதனை எவ்வாறு கண்டது என்பதையும் நோக்கல் வேண்டும். தேசிய பூங்காவுக்குள் நுழைவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். அச்சீட்டும் விலங்கையும் தாவரத்தையும் பார்ப்பதற்கும் பயில்வதற்குமே வழங்கப்படும். பார்க்க வருபவனுக்கு வழியுண்டு, வாழ்பவனுக்கு வழியில்லை. அமெரிக்காவிலே 1872இல் அமைந்த யெலோசுத்தோன் பூங்காவிலிருந்து உலகெங்கும் பரவிய கருத்து இது. மனிதன் இல்லாத காடே தூய காடு என்பது அதன் உட்கிடை. யெலோசுத்தோனிலும் மனிதர் இருந்தனர்; அவர் அகற்றப்பட்ட பின்னரே அது மனிதரில்லாத காடாயிற்று.

சுதந்திரத்தின் பின் நாடு பெருந்திட்டங்களில் இறங்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அதன் நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு 1954இல் கல்லோயா தேசிய பூங்கா ஏறத்தாழ 64,000 ஏக்கரில் அமைந்தது. செலிக்மன் தேடி வந்து கண்ட வேடர் குடிகள் திரிந்த நிலங்கள் பல நீரின் கீழும் குடியேற்றங்களின் கீழும் பூங்காவின் எல்லைக்குள்ளும் அடங்கின. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே ஏறத்தாழ 2,300 ஆக இருந்த வேடர் தொகை 1953இல் 800 அளவாயிற்று. இவர் அனைவரும் இறந்தொழிந்தனர் என்று கொள்ளுதல் தவறு. சிங்களராகவும், கிழக்குக் கரையோரத்திலே தமிழராகவும் பலர் பதியப்பட்டனர். வேடன் என்று கூறிக்கொள்வதனால் வரும் பயன் யாதுமில்லாதபோது அப்பெயரை விட்டுவிடுதல் வியப்பன்று.

பின்னர் மகாவலித் திட்டம் வந்தது. துரித மகாவலித் திட்டத்தின் ஓர் உறுப்பாகிய மாதுறு ஓயா நீர்த்தேக்கம் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1983இல் நிறைவெய்தியது. அணை எழுப்பிய இடத்திலே பழங்காலத்துச் செங்கல் மதகு ஒன்று வெளிப்பட்டது. இக்காலத்துப் பொறியியலாளர் தேர்ந்த அதே இடத்தைப் பண்டைப் பொறியியலாளரும் தேர்ந்திருந்தனர் என்று அறிந்து அனைவரும் வியந்தனர். அம்மதகு போற்றிக் காக்கப்பட்டது. காடுகள் வெட்டப்பட்டு வயலானதால் இடம்பெயர்ந்த யானை முதலிய விலங்குகளுக்குப் புகலிடமாகவும், நீர்த்தேக்கங்களுக்குப் பாதுகாப்பாகவும் பூங்காக்கள் வேண்டப்பட்டன. அவற்றுள் ஒன்றாக 1983ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. பரப்பு 58,850 எக்டேயர்.

பழைய மதகுக்குக் கிடைத்த மதிப்பு அக்காட்டின் பழைய குடிகளுக்குக் கிடைக்கவில்லை. பூங்காவின் எல்லைக்குள் அகப்பட்ட வேடர் குடும்பங்கள் ஏனானிகலை முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. ஏனைய குடியேறிகளுக்குப் போலவே அவருக்கும் வயல் இரண்டரை ஏக்கரும் மேட்டுநிலம் அரை ஏக்கரும் என்பது திட்டத்தின் அளவு. இதனை இரக்கமற்ற செயல் என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. பள்ளிக்கூடம், மருத்துவம், நீர்ப்பாசன வயல் ஆகியன நன்மைகள் என்று அதிகாரிகள் உண்மையாகவே நம்பினர். வேடருள்ளும் இளையோர் பலர் விரும்பியே சென்றனர். பிழை கொடுத்த பொருளில் இல்லை. கொள்பவனைக் கேளாமல் கொடுத்ததிலே உள்ளது. ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் என்னும் கணக்கு உழவனுடைய கணக்கு. தேனும் கிழங்கும் வேட்டையும் சேனையும் கலந்து வாழ்ந்தவனுடைய கணக்கு ஏக்கரால் அளக்கப்படுவதன்று, பருவத்தால் அளக்கப்படுவது.

தம்பானையைச் சேர்ந்த கோட்டபக்கினியாவிலே தலைவர் ஊறுவரிகே திசாகாமி செல்ல மறுத்தார். சில குடும்பங்கள் அவரோடு தங்கின. 1998இல் நூறு வயதளவில் மறையும் வரையில் அவர் அந்நிலத்தை விட்டு அகலவில்லை. ஆனால் காலால் அகலாதவரைச் சட்டம் அகற்றிவிட்டது. நேற்றுவரை அவர் நடந்த காட்டிலே இன்று நடத்தல் அத்துமீறல். நேற்றுவரை உணவாயிருந்தது இன்று களவு. காவலரிடம் பிடிபட்டு நீதிமன்றம் ஏறுதல் வேடர்க்கு வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று. மறுபுறத்திலே, உல்லாசப் பயணிகள் தம்பானைக்கு வரத்தொடங்கினர். அவர் முன்னிலையில் வில் வளைத்தலும் தீக்கடைதலும் ஆடுதலும் வருவாய் தரும் தொழில்களாயின. வேட்டையாடுதல் குற்றமாகி, வேட்டையாடுவதுபோல் நடித்துக் காட்டுதல் பிழைப்பாயிற்று.

இனி வடகோடிக்குச் செல்வோம். மாதுறு ஓயா அணைக்கு உதவிய கனடா, அதே காலத்திலே தன் நாட்டின் பனிநிலத்து மக்களாகிய இனுயிற்றுக்களோடு நிலவுரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்நாட்டரசு தொடக்கந்தொட்டு நல்லறிவோடு நடந்தது என்று கருதுதல் வேண்டா. 1953இலும் 1955இலும் கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுயிற்றுக் குடும்பங்களை அரசு கப்பலேற்றி, பழகாத தொலை வடக்கிலுள்ள றெசலூற், கிறீசு பியோட் என்னும் இடங்களில் இறக்கிவிட்டது. குளிர்காலம் முழுவதும் கதிரவன் தோன்றாத அந்நிலத்திலே அவர் பட்ட துன்பத்துக்காக அரசு மன்னிப்புக் கோரியது 2010ஆம் ஆண்டிலேயே. 1976இல் பஃபின் தீவிலே அவுயித்துக் என்னும் காப்பகத்தை ஒதுக்கியபோதும் நிலவுரிமை பற்றிய உடன்பாடு எதுவும் இருக்கவில்லை. உருகாத நிலம் என்பது அப்பெயரின் பொருள்.

ஆனால் இனுயிற்றுக்கள் 1971இல் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையோடு வாதாடினர். 1993ஆம் ஆண்டு மே மாதத்திலே நுனவுற் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நுனவுற் தனிப் பிரதேசமாயிற்று. அவ்வுடன்படிக்கையிலே பூங்காக்கள் பற்றி அமைந்த விதிகள் மிகவும் கருதத்தக்கவை. இனுயிற்றுக்களோடு நன்மை தீமைகளைப் பேசி எழுத்திலே ஒப்பந்தம் செய்த பின்னரேயன்றி அங்கே தேசிய பூங்கா நிறுவப்படல் ஆகாது. நிறுவப்பட்ட பூங்காவினுள்ளும் அவர் வேட்டையாடி உண்ணும் உரிமை நீங்காது. 1999இல் அவுயித்துக், சிர்மிலிக், குத்தினிர்பாக் என்னும் மூன்று பூங்காக்களுக்கும் அத்தகைய ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன்படி அமைந்த கூட்டுப் பரிபாலனக் குழு ஒவ்வொன்றிலும் ஆறு பேர். மூவரை இனுயிற்றுச் சங்கமும் மூவரை அரசும் நியமிக்கும். இலபிறதோர் வடமுனையிலுள்ள தோர்ங்காற் மலைப் பூங்காவிலோ குழுவினர் எழுவரும் இனுயிற்றுக்களே, அரசு நியமித்த இருவர் உட்பட. முன்பு குடும்பங்கள் கொண்டுபோய் இறக்கப்பட்ட கிறீசு பியோட் ஊரார் இன்று குத்தினிர்பாக் பூங்காவின் பரிபாலனத்திலே பங்குகொள்வோர்.

குழு அமைத்தல் எளிது; குழுவிலே யாருடைய அறிவு செல்லும் என்பதே வினா. விலங்கின் தொகையை வானூர்தியிலிருந்து எண்ணும் அறிஞனும், அதன் சுவட்டைப் பனியிலே படித்து வளர்ந்த முதியவனும் ஒரு மேசையில் அமர்ந்தால், எழுதத் தெரிந்தவன் சொல்லே வெல்லுதல் உலகியல்பு. இதனை உணர்ந்தே இனுயிற்றுக்கள் தம் முன்னோர் அறிவையும் ஒழுக்கத்தையும் நெறிகளாகத் தொகுத்து, பரிபாலனம் அந்நெறிகளின்படியே நடைபெறல் வேண்டும் என வற்புறுத்தினர். இனுயிற் கௌயிமயதுகங்கிற் என்பது அதற்குப் பெயர். இனுயிற்றுக்கள் நெடுங்காலமாய் அறிந்து வந்தது என்று அதனைத் தமிழிற் கூறலாம். நுனவுற் அரசு அதனை எட்டு நெறிகளாக வகுத்துரைத்துள்ளது. எட்டையும் இங்கே விரித்தல் மிகை. ஆயீக்கதிகீன்னிக் என்பது பேசி ஒருமனப்பட்டு முடிவு செய்தல். கைதூக்கி எண்ணி வெல்லுதல் அன்று. பிலிம்மக்சார்னிக் என்பது கண்டும் செய்தும் பழகியும் கற்றல். பியித்சிர்னிக் என்பது தலைமை தொண்டாகும் என்னும் கொள்கை. அவதித்தின்னிக் கமத்சியார்னிக் என்பது நிலத்தையும் உயிர்களையும் சுற்றத்தைப்போல் பேணுதல்.

இவை வெறும் நல்லுரைகள் அல்லவா, இவற்றால் ஒரு பூங்கா எங்ஙனம் நடைபெறும் என்று கேட்போர் உளர். நடைமுறையில் இவை தரும் வேறுபாட்டை முதல் நெறியிலேயே காணலாம். பெரும்பான்மை வாக்கினால் முடிவாகுமிடத்தில் நியமனம் செய்பவனே முடிவு செய்பவன். ஒருமனப்பாடு வேண்டுமிடத்தில் ஒரு முதியவனின் தயக்கமும் கருமத்தை நிறுத்தும். அத்தயக்கத்துக்குக் காரணம் கேட்கவேண்டி வரும். கேட்கும்போதே அவன் அறிவு வெளிப்படும். காலம் நீளும் என்பது மெய்யே. ஆயினும் மாதுறு ஓயாவிலே விரைந்து எடுத்த முடிவின் வழக்குகள் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அதிகாரிகள் கூறும் தடையும் புறக்கணிக்கத்தக்கதன்று. வில்லோடு திரிந்த வேடன் வேறு, துப்பாக்கி எடுத்தவன் வேறு. இறைச்சிக்குச் சந்தை தோன்றிய பின் காட்டைத் திறந்துவிடுதல் காட்டை அழித்தலாகும் என்பர். இது மெய். ஆனால் இத்தடை எவரை நோக்கியது? வெளியிலிருந்து வரும் மரக்கள்வனையும் வேட்டைக்கள்வனையும் நன்கறிந்தவன் காட்டிலே வாழ்பவனே. அவனை எல்லைக்கு வெளியே தள்ளியதனால் அரசு இழந்தது கூலியில்லாத ஒரு காவற்படையை. மேலும் கூட்டுப் பரிபாலனம் என்பது கட்டற்ற உரிமையன்று. கட்டுகளை இருவரும் கூடி விதித்தலே அது. எல்லை மீறிப் பழம் பறித்தவனைப் பொறுக்காத மக்களுக்குக் கட்டுப்பாடு புதிய பாடமாகாது.

கருநாடக மாநிலத்து பிலிகிரி ரங்கன் மலைகளில் வாழும் சோலிகரின் வரலாறு இவ்விடத்தில் ஒளி தரும். சோலைநிலத்து மக்களாகிய அவர் காலந்தோறும் சருகை மெல்லிய தீயால் எரித்து வந்தனர். அத்தீ தடைசெய்யப்பட்ட பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் அடர்ந்து புல்லையும் இளமரங்களையும் நெருக்கிவிட்டது என்பது சோலிகர் கூற்று; ஆராய்ச்சியாளரும் அதனைச் செவிமடுக்கத் தொடங்கினர். இந்தியாவிலே 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின் கீழ், 2011இல் சோலிகரின் சமுதாய வனவுரிமை ஏற்கப்பட்டது. புலிக் காப்பகம் ஒன்றினுள்ளே அவ்வுரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. வேடருடைய சேனையும் தேனெடுப்பும் மாதுறு ஓயாக் காட்டை எவ்வாறு உருவாக்கியிருந்தன என்று, அவர் வெளியேறுமுன் எவரும் அவரிடம் கேட்டிருந்தால் இன்று எத்துணைப் பயனாயிருக்கும்! பம்பரத்தேனீ கூடுகட்டும் பாறைகளை, பாறையிலிருந்து கொடியேணி தொங்கவிட்டு, பாடியழைத்துப் புகையிட்டு, அடை எடுத்த அம்மக்களுக்கு, எந்தப் பூ எப்போது மலரும் என்பது நாட்காட்டியாயிருந்தது. கண்டே யக்கன் என்னும் முன்னோனாகிய வேட்டைத் தலைவனை வேண்டிக் கிரிகொறகா ஆடும் சடங்கும் வெறும் ஆட்டமன்று. காட்டிலே பெறுவது ஒருவனுடைய திறமையால் மட்டும் வருவதன்று என்னும் நினைவை அது தலைமுறைதோறும் ஊட்டி வந்தது. இவையெல்லாம் இன்று முதியோர் சிலரிடத்தேயுள்ளன. இனுயிற்றுக்கள் செய்ததுபோல் தம் நெறிகளைத் தொகுத்துரைக்கும் தகுதி வேடர்க்கும் உண்டு. தொகுப்பதற்குரிய காலமோ குறுகி வருகின்றது.

திசாகாமியின் மறுப்பு முற்றிலும் வீண்போகவில்லை. 1990ஆம் ஆண்டளவில் அமைச்சரவை, பூங்காவின் 1,500 ஏக்கரை வேடர் பண்பாட்டைப் பேணும் பொருட்டு ஒதுக்க இசைந்தது. 1,45,000 ஏக்கரிலே 1,500 ஏக்கர் என்பது நூற்றில் ஒரு பங்கு. அதனினும் பெரிது, அப்பங்கினுள்ளும் வேட்டை பற்றிய சட்டம் மாறாதிருந்தமை. 1996இல் திசாகாமியின் மகன் ஊறுவரிகே வன்னியா செனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் வழக்கை எடுத்துரைத்தார். தந்தை மறைந்தபின் அவரே தலைவரானார். 2007ஆம் ஆண்டு செப்தெம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. முன்கூட்டி அறிவித்து, அவர் மனமுவந்து இசைந்தாலன்றி, பழங்குடியினரை அவர் நிலத்தினின்றும் அகற்றலாகாது என்பது அதன் பத்தாம் உறுப்புரை. நுனவுற்றிலே நல்லொப்பந்தம் செய்த கனடா அன்று அதனை எதிர்த்து வாக்களித்தது. மாதுறு ஓயாவிலே ஒப்பந்தமின்றி அகற்றிய இலங்கை ஆதரித்து வாக்களித்தது. பல ஆண்டு கழித்துக் கனடா தன் நிலையை மாற்றிக்கொண்டது. வாக்குச்சீட்டைக் கொண்டு ஓர் அரசை மதிப்பிடுவது எத்துணை அரிது என்பதற்கு இஃதோர் உதாரணம்.

2020ஆம் ஆண்டிலே பொல்லெபெத்தை, றம்புக்கன் ஓயாப் பகுதியிலுள்ள காட்டை வெட்டிச் சோளம் பயிரிட மகாவலி அதிகார சபை முற்பட்டது. அது வேடருடைய முதுநிலம். வன்னியாவும் சூழல் காக்கும் அமைப்பொன்றும் ஒருங்கே மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுத் தாக்கல் செய்தனர். 1983இலே காட்டைக் காப்பவன் ஒரு பக்கமும் காட்டில் வாழ்பவன் மறுபக்கமுமாக நிறுத்தப்பட்டிருந்தனர். இம்முறை இருவரும் ஒரே மனுவிலே கையொப்பமிட்டு நின்றனர். காட்டை அழிக்க வந்தது அரசின் உழவுத் திட்டம். காக்க எழுந்தவன் முன்பு காட்டுக்குப் பகைவன் எனப்பட்ட வேடன். 2022இல் அதிகார சபை அத்திட்டத்தைக் கைவிட்டது. மாதுறு ஓயாப் பூங்காவின் பரிபாலனத்திலோ ஆறு பேர் கூடும் மேசை இன்னும் இடப்படவில்லை.